கொல்லியும் 29ஆம் நம்பரும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ரிலீஸ், அது இதுன்னு சாக்கு சொல்லலாம். காரணம் அது இல்லை.

எனக்கு சங்கீதம் தெரியாதுங்க. ஆனா 72 மேளகர்த்தா அட்டவணையைப் பார்த்த அன்னிக்கே கவுந்துட்டேன். ஸ, ப ரெண்டும் மாறாது. ம ரெண்டு வகை, ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு. பெருக்கினா 72. 17ஆம் நூற்றாண்டுல வேங்கடமகி போட்ட கணக்கு, எனக்கு மூணே மூணு ஃபார் லூப் :-)

அப்புறம் கடபயாதி. ராகப் பேரோட முதல் ரெண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டா மேள நம்பர். தீரசங்கராபரணத்துல தீ 9, ர 2. திருப்பினா 29. சங்கராபரணத்துக்கு முன்னாடி 'தீர'ன்னு ஒட்டினதே இந்த நம்பருக்காகத்தான். இதுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். தமிழ்ல டைப் பண்ணா சொதப்பல். வடமொழியில த-வுக்கு நாலு ஒலி, அதுக்கு 6, 7, 8, 9னு நாலு மதிப்பு. நமக்கு ஒரே 'த'. சங்கராபரணம் கேட்டா 26ஆம் நம்பர் சாருகேசி வந்து நின்னுச்சு!

அந்த வாரக்கடைசி ஊருக்குப் போனேன். சேந்தமங்கலம் பக்கம். வாசல்ல நின்னா கொல்லிமலை தெரியும். அப்பாருக்கு வயித்துவலி, படுத்த படுக்கை. வலி வந்தா அப்பர் தேவாரம்தான், நாலாம் திருமுறையோட முதல் பதிகம். சூலை நோய் தாங்காம திருவதிகையில அப்பர் முதன்முதலாப் பாடினது.

நான் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, "அப்பாரு, நீங்க பாடுறது நவரோஜுங்க. 29ஓட ஜன்யம்"னேன்.

"அதென்ன ரோசு? இது கொல்லிப் பண்ணு கண்ணு. அதா, அந்த மலை பேருதான்."

பண்ணைப் பகல்ல பாடுறது, ராத்திரி பாடுறது, பொதுன்னு பிரிப்பாங்கன்னார். எந்த ஸ்வரம்னு பார்க்காம எந்த நேரம்னு பிரிக்கிறதா? இதை எந்த காலத்துல புரோகிராமாக்குறதுன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சார். தேவாரப் பண்களுக்கு இன்னிக்கு ராகத்துலதான் அடையாளம் சொல்றாங்க. கொல்லின்னா நவரோஜ், கௌசிகம்னா பைரவி. அந்த வகையில நான் சொன்னது தப்பே இல்லை.

ஆனா என் அட்டவணையில இல்லாத ஒண்ணு இருக்கு. மேளம்னா ஸ-வுல ஆரம்பிச்சு மேல் ஸ-வுல முடியணும். நவரோஜ் கீழ் ப-வுல ஆரம்பிச்சு நடு ப-வோட நின்னுடும், மேல் ஸ-வைத் தொடவே தொடாது. உச்சத்துக்குப் போக முடியாத குரலுக்கும் பாட வரும். மூச்சு வாங்குறப்பக்கூட அவர் எப்படிப் பாடினார்னு அப்ப யோசிக்கலை. நம்பர் கிடைச்சுடுச்சே, அப்புறம் என்ன?

ஆடி மாசம் போயிட்டார்.

காரியம் முடிஞ்சு தம்பியோட பைக்ல மலைக்குப் போனேன். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும். பழக்க தோஷம், ஒவ்வொரு வளைவுலயும் மேளத்தோட பேரைச் சொல்லிட்டே போனேன். 28, ஹரிகாம்போதி. 29 வந்தப்ப வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அன்னிக்கு அவர் பாடினதை மொபைல்ல பதிஞ்சிருந்தேன். மொத்தம் 40 செகண்ட். அங்கேயே உக்காந்து போட்டுக் கேட்டேன். 22ஆவது செகண்ட்ல குறுக்கே என் குரல் வருது: "அப்பாரு, நீங்க பாடுறது நவரோஜுங்க." அதுக்கப்புறம் பாட்டு இல்லை, பேச்சுதான்.