குண்டலுபேட்டையிலிருந்து கடற்கரைக்கு

குண்டலுபேட்டை கடல் காணாத மேட்டுநிலம். ஆயினும் 766ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரிலிருந்து பந்திப்பூர்க் காட்டையும் வயநாட்டையும் கடந்து கோழிக்கோட்டுக் கரையை அடைகின்றது. 2009 முதல் காட்டில் இரவுப் போக்குவரத்துக்குத் தடையுண்டு. ஆதலால் விடிந்தபின் புறப்படுதல் நன்று.

கடலில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகேறி மீன்பிடிக்க விழையும் நம் இளைஞர்கள் ஒன்றை உணர்தல் வேண்டும். கடல்நீர் உலர்ந்தாலும் உப்புத் தங்கிக் கைப்பேசியின் உலோகத்தை அரிக்கும். நனைந்துவிடின் உடனே நிறுத்தி, நன்னீரால் மேற்புறத்தைக் கழுவுக. முற்றும் உலருமுன் மின்னேற்றலாகாது.

அதனினும் நன்று, நீர்புகாப் பையிலிட்டுப் படகோடு கயிற்றால் பிணைத்தல். நழுவும் கருவியைப் பற்றச் சாய்ந்தால் படகு கவிழக்கூடும். கருவியைக் காக்கும் கயிறே ஆளையும் காக்கும்! மிதவைச் சட்டை அணிக; எழுந்து நில்லாதீர்; அலையை முகப்பால் எதிர்கொள்க; கவிழ்ந்தால் படகை விடாது பற்றுக.