மானுக்க தலையை எங்க கொண்டு போறாரு?

சிதறாலில் முப்பத்தெட்டு வருஷம் ரப்பர் பால் வெட்டியவர் அவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அந்தக் கூலியில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். மூத்தவன் இப்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மருமகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது, 2024 நவம்பரில், மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் அங்கே போனார்.

போன மூன்றாம் வாரம் ஊரே ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. பெட்ரோல் பங்க், காபிக் கடை, சாலையோரம் என்று எங்கு பார்த்தாலும் பளீரென்ற ஆரஞ்சு கோட்டும் தொப்பியுமாக ஆட்கள். ஏதோ கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். மகன் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். அது மான் வேட்டைக் காலம். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். காட்டுக்குள் ஒருவரை ஒருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த நிறம். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கியோடு போகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரும் போனார். அறுபதைத் தாண்டியவர், குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான்காம் நாள் கதவைத் தட்டி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை நீட்டினார். மான் இறைச்சி. "இப்போது திறக்காதீர்கள், நான் சொன்ன பிறகு சமைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்மவரின் மனைவிக்கு அது புரியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் மாமனார் சொன்ன மிளா கதைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாமனாரிடம் ஒரு தோக்கு இருந்தது. மலைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார் என்று பேர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வாசனை வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. இப்போது சட்டப்படி கிடைத்த மான் இறைச்சி வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது, சமைக்கக் கூடாதாம்! "நல்லா குருமிளகு போட்டு, குக்கர்ல பத்து விசில் விட்டா எந்தக் கிருமி நிக்கும்?" என்று கேட்டார்.

நிற்கும் என்பதுதான் இந்த நோயின் பயங்கரம்.

மான்களை உருக்கிக் கொல்லும் நோய் அது. 1967-ல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்த மான்களிடம் முதலில் கவனித்தார்கள். மான் மெலியும், தலை தொங்கும், எச்சில் வடியும், மனிதரைக் கண்டாலும் ஓடாது, கடைசியில் செத்துவிடும். பிழைத்த மான் கிடையாது. காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. 'பிரியான்' என்ற, உருவம் கோணலாகிப்போன ஒரு புரதம். மூளையில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே கோணலாக்கிவிடும். சமையல் சூட்டில் அது அழியாது. எச்சில், சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நோய் தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருஷம்வரை கொழுகொழுவென்றுதான் இருக்கும். பார்த்தால் தெரியாது.

மனிதருக்கு இது தொற்றியதாக இன்றுவரை நிரூபணமான ஒரு சம்பவம்கூட இல்லை. ஆனால் பிரிட்டனில் மாடுகளுக்கு வந்த பைத்திய நோய் மனிதருக்கும் வந்தது என்று 1996-ல் தெரிந்ததே, அதுவும் பிரியான்தான். அந்தப் பயத்தில்தான், நோய் உறுதியான மானைச் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மருமகள் அந்தப் பொட்டலங்களை ஃப்ரீசரின் அடித்தட்டில், பட்டாணிப் பைக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கனத்த பையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "மானுக்க தலையை எங்க கொண்டு போறாரு?" என்று மகனிடம் கேட்டார் இவர்.

அங்கே வேட்டைக்காரர்களுக்கு இது பழகிப்போன வேலை. மானின் தலையை வெட்டி, பையில் போட்டு, எந்த இடத்தில் சுட்டது என்று சீட்டு எழுதி, சாலையோரப் பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும். மாநில இயற்கை வளத் துறை தொண்டைப் பக்கத்து நிணநீர்க் கட்டியை எடுத்துச் சோதிக்கும். காசு கிடையாது. முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். மிஞ்சும் எலும்பையும் தோலையும் கண்ட இடத்தில் எறிய முடியாது. அதற்கும் தனிக் குப்பைத்தொட்டி. கட்டாயம் என்று பெரும்பாலும் இல்லை. அவரவர் மனசாட்சிதான்.

இரண்டு வாரக் காத்திருப்பில் இரண்டு கிழவர்களும் நண்பர்களானார்கள். நடுவில் மகன் மொழிபெயர்த்தான். கட்டன் காப்பியைப் பாலே இல்லாமல் குடிக்கிறார் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் இவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அவருடைய அப்பாவின் பண்ணை மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கம். 2002 பிப்ரவரியில் விஸ்கான்சினின் முதல் மூன்று நோய் மான்கள் கண்டுபிடிக்கப்பட்டது அந்த வட்டாரத்தில்தான். அரசாங்கம் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் மான்கள் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தது. யார் சுடுவது? வேட்டைக்காரர்கள்தான்.

"எங்கள் அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்த வருஷம் அது" என்றார் அவர். தின்பதற்காகச் சுடுவது வேறு, குழியில் போடுவதற்காகச் சுடுவது வேறு என்று அந்த அப்பா சொல்லிவிட்டாராம். அப்புறம் 'முதலில் ஒரு பெண் மானைச் சுட்டுக் காட்டு, பிறகுதான் கொம்புள்ள ஆண் மானைச் சுடலாம்' என்று ஒரு விதி. மான்களின் எண்ணிக்கையைக் குறைக்க அது நல்ல வழிதான். ஆனால் வருஷம் முழுக்கக் காத்திருந்தவர்களுக்கு எரிச்சல். எதிர்ப்பு வளர்ந்து, 2011-ல் அந்த விதியையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். எல்லா மானையும் ஒழிக்கும் திட்டம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது.

அதன் விலை என்ன? அன்று நூற்றில் ஓரிரண்டு மானுக்கு இருந்த நோய், அந்த வட்டாரத்தின் சில இடங்களில் இன்று வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இருக்கிறது. பக்கத்து மாநிலமான இல்லினாயிஸ், குறிபார்த்துச் சுடும் அரசு ஆட்களை வைத்து நோய் தெரிந்த இடங்களில் மட்டும் வருஷா வருஷம் விடாமல் சுட்டது. அங்கே நோய் பரவினாலும் வெகுகாலம் குறைந்த அளவிலேயே நின்றது. நார்வேயில் 2016-ல் காட்டுக் கலைமான்களிடம் இந்த நோய் தெரிந்ததும், நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில் இருந்த கூட்டத்தையே, 2,000-க்கும் மேற்பட்ட மான்களை, 2018-க்குள் சுட்டு முடித்தார்கள். பிறகு 2020-ல் பக்கத்துப் பீடபூமியிலும் நோய் தென்பட்டது.

அரசாங்கம் சொன்னது தப்பு என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவில்லை. "எங்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்" என்றார். மான் எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும், எந்த மேட்டில் படுக்கும் என்று தெரிந்தவர்களை வெறும் துப்பாக்கியாக நினைத்துவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். வேலி போட்டு மான் வளர்க்கும் பண்ணைகள்மேல் ஏன் இந்தக் கண்டிப்பு இல்லை என்றும் கேட்டார். கடையில் கொடுத்து அரைத்தால் அடுத்தவன் மான் நம் பொட்டலத்தில் கலந்துவிடுமே என்ற கவலையில், அவர் தானே அறுத்துத் தானே அரைக்கிறார். தன் தலைமுறையோடு இது முடிந்துவிடுமோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. பேரன் இரண்டு வருஷமாக வருவதில்லையாம். ரிசல்ட் பார்த்துச் சாப்பிடும் இறைச்சி அவனுக்கு வேண்டாமாம்.

பதினாறாம் நாள் அவருடைய போனில் முடிவு வந்தது. நோய் இருக்கிறது.

அன்று மாலை வந்து இரண்டு பொட்டலங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தானே குற்றம் செய்தவர்போல வாசலிலேயே நின்றாராம், உள்ளே வரவில்லை. பிசுக்கு ஒட்டியிருக்கலாம் என்று மருமகள் ஃப்ரீசரைக் காலி செய்து துடைத்தாள். பட்டாணிப் பையும் குப்பைக்குப் போனது. அது தேவையில்லைதான், ஆனால் யார் அவளிடம் வாதாடுவது?

அன்றிரவு இவர் வெள்ளறடையில் இருக்கும் தங்கச்சி மகனைப் போனில் கூப்பிட்டார். சிதறாலிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கேரள எல்லை. வெள்ளறடை அந்தப் பக்கம். அவன் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன். 2022 மே மாதம் முதல் கேரளத்தில், விளைநிலத்தில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு இருக்கிறது. பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கும் ஆள்தான் சுட வேண்டும். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

இந்தியாவில் மானை உருக்கும் நோய் கண்டறியப்படவில்லை. ஆனால் பன்றிக்கு ஒன்று வந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2020-ல் வடகிழக்கில் நுழைந்தது. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில். 2023 ஜனவரியில் நம் முதுமலைக் காட்டில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிடம். மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஒரு பண்ணையில் தெரிந்தால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பன்றிகளை எல்லாம் கொன்று புதைத்துவிடுவார்கள். பத்து பன்றி வளர்த்துப் பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிறவனுக்கு அது என்ன அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

"சுடுறதுல பயம் இல்ல மாமா" என்றான் தங்கச்சி மகன். "சுட்ட பன்னிக்க ரத்தம் செருப்புல ஒட்டி, நான் பன்னி வளக்குறவன் வீட்டு முற்றத்துல ஏறிட்டேன்னு வையுங்க. நாளைக்கு அவனுக்க பன்னி செத்தா யாரு பொறுப்பு?" ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழுவ வேண்டும் என்பதை அவனே கேட்டுத் தெரிந்துகொண்டானாம்.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டிலும் ஓர் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் என்றால் வனத்துறையே சுடும். கேரளம் ஊர்க்காரன் கையில் கொடுத்ததை, தமிழ்நாடு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. துப்பாக்கி ஊரெல்லாம் திரிவதைவிட இது நல்லது என்றுதான் படுகிறது. ஆனால் நோய் விஷயத்தில் பாதிக் காரியம் சுடுவதே இல்லை. செத்துக் கிடப்பதைச் சொல்வது. செக் நாட்டில் 2017-ல் இதே காய்ச்சல் காட்டுப்பன்றிக்கு வந்தபோது, செத்த பன்றியைக் கண்டுபிடித்துச் சொன்ன வேட்டைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் நோய் ஒழிந்தது. நம் ஊரில் செத்த பன்றியைப் பார்த்தேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, 'கரண்ட் கம்பி கட்டியிருந்தாயா?'

கரண்ட் கம்பியில் மனிதர்களும் யானைகளும் சாகிறார்கள், கேள்வி நியாயமானதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே பன்றி மண்ணுக்குள் போய்விடுகிறது என்பதும் நிஜம்.

ஏப்ரலில், பேத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்தார். சிதறால் மலைமேல் சமணத் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சமணத்தில் ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் ஓர் அடையாளம் உண்டு: சாந்திநாதருக்கு மான், விமலநாதருக்குப் பன்றி. கொல்லாமை சொன்னவர்களின் காலடியில் இந்த இரண்டு பிராணிகளும் இருப்பதை அவரிடம் யாரோ சொன்னபோது, "அவங்களுக்கு மரச்சீனி போடுத சோலி இல்லியே" என்றார்.

கடையாலுமூடு பக்கம் அவருக்கு முப்பது சென்ட் இருக்கிறது, அதில் மரச்சீனிதான். ஜூனில் ஒரு காலை, ஓடைக்கரையில் காட்டுப்பன்றி ஒன்று செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் இல்லை, கருகிய தடம் இல்லை. காதோரம் மட்டும் செக்கச் சிவந்திருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். "அண்ணே, ஆரும் பாக்கதுக்கு மின்ன குழிச்சு மூடிருவோம். நமக்கு எதுக்கு வம்பு?"

இவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண்வெட்டியைக் கையிலிருந்து வாங்கி மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

கேள்விகள் வந்தன. வேலியைச் சுற்றி நடந்து பார்த்தார்கள், மோட்டார் கொட்டகையைத் திறக்கச் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் கால்நடை டாக்டர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு வந்து சாம்பிள் எடுத்தார். சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். இவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தார்.

ராத்திரி தங்கச்சி மகன் கூப்பிட்டான். "ரிசல்ட் எப்பம் வரும் மாமா?"

"அங்க பதினாறு நாள் ஆச்சு மருமோனே" என்றார். "இங்க நம்பரு குடுத்திருக்கேன்."