வரிக்கு மேல் வரி

பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. 1000 ரூபாய்ப் பொருளுக்கு 40 விழுக்காடு தள்ளுபடி கழித்து 18 விழுக்காடு வரி சேர்த்தாலும், வரியைச் சேர்த்தபின் தள்ளுபடி கழித்தாலும், இறுதி விலை 708 ரூபாய்தான். (தள்ளுபடி, நூறு ரூபாய்க் கூப்பனாக இருந்தால் கதை வேறு: வரிக்கு முன் கழித்தால் 1062, பின் கழித்தால் 1080.)

ஆனால் பெங்களூரு ஜெயநகரில் ஒரு கடையில் சென்ற மாதம் நான் கண்ட பில், வரிசையைப் பற்றியதன்று. உடன் ஆய்வு செய்யும் தம்பி ஒரு முதுகுப்பை வாங்கினார். அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலை 1180. தள்ளுபடி 40 விழுக்காடு. பில்லில் இருந்ததோ 835 ரூபாய் 44 காசு. தம்பி கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான் அக்கா, 708க்கு 18 விழுக்காடு 127.44" என்றார். பெருக்கல் சரி, பெருக்கப்பட்ட எண்தான் தவறு.

அதிகபட்சச் சில்லறை விலை என்பது எல்லா வரிகளும் உள்ளடங்கியது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அதை அவ்வாறே வரையறுக்கின்றன. ஆகவே 1180க்குள் 180 ரூபாய் வரி ஏற்கெனவே இருக்கிறது. தள்ளுபடிக்குப் பின்னான 708இலும் 108 ரூபாய் வரி இருக்கிறது. அதன்மேல் மீண்டும் 18 விழுக்காடு என்றால், அறிவித்த 40 விழுக்காடு 29.2 ஆகச் சுருங்குகிறது.

கடைக்காரர் சட்டத்தைக் காட்டினார். தள்ளுபடி போக எஞ்சும் மதிப்புக்கே வரி என்று மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வது உண்மையே. அந்த மதிப்பு இங்கே 600; 708 அன்று. மதிப்புக்கூட்டு வரிக் காலத்திலேயே இத்தகைய வழக்கொன்று தேசிய நுகர்வோர் ஆணையம் வரை சென்றது. தள்ளுபடி விலைமேல் தனியே வரி வாங்கியது நேர்மையற்ற வணிகமுறை என 2017 ஜனவரியில் ஆணையம் தீர்ப்பளித்தது. (பொது விற்பனை வரியை 1939இல் நாட்டிலேயே முதலில் விதித்தது ராஜாஜியின் சென்னை மாகாண அரசு என்பது நம்மவர்க்குக் கூடுதல் செய்தி.)

127 ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். மூன்று மாதமாக உதவித்தொகை வராத மாணவருக்கு அது விடுதியின் இரண்டு நாள் உணவு. மறுநாள் கேட்கச் சென்றபோது, "சிஸ்டம் அப்படித்தான் போடுகிறது" என்றார் மேலாளர். அந்த சிஸ்டம் அன்று எத்தனை பேருக்கு அவ்வாறே போட்டதோ! தம்பி 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறார். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.