மிலிட்டரிக்காரர் வீடு

கனடாவில் நவம்பர் வந்துவிட்டால் கடை வாசல்களில் வயதான முன்னாள் ராணுவத்தினர் சிவப்புப் பாப்பிப் பூக்களோடு உட்கார்ந்திருப்பார்கள். காசு போட்டுவிட்டு ஒன்றை எடுத்துச் சட்டையின் இடப்பக்கம் குத்திக்கொள்வோம். 11ஆம் தேதி காலை 11 மணிக்கு, 1918இல் முதல் உலகப் போர் ஓய்ந்த அதே நேரத்தில், எல்லோரும் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். டொராண்டோ பழைய நகர மண்டபத்து நினைவுத்தூண் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான்.

அவருக்கும் நவம்பர் முக்கியமான மாதம். பென்ஷன் தொடர வேண்டுமென்றால் உயிரோடு இருப்பதற்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அடைமழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறுவார். அவர் பட்டாளத்தில் இருந்ததை வெளியார் கேட்டது அந்த ஒரு வேலைக்காகத்தான்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றே பெயர். அப்பா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் இருந்த காலத்தில் மாதம் தவறாமல் மணியார்டர் வரும்; லீவை சம்பா அறுப்புக்குத் தோதாகப் பார்த்து எடுப்பார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுக்கு அப்பால் நம் டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடி வயலில் வழி திறந்தது சாப்பர்ஸின் 9ஆவது ரெஜிமென்ட். 16ஆம் தேதி அங்கே உயிர்நீத்த இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். நாடே அவரை அறியும். அதற்கு முந்தின இரவு, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது மண்டியிட்டு மண்ணைத் துழாவியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

இதை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மேட்டூர் திறந்து, புது ஆற்றில் தண்ணீர் வந்து, நடவும் முடிந்ததும் ராத்திரியில் டார்ச்சோடு வரப்பைச் சுற்றுவார். ஒரு நண்டு வளை போதும், விடிவதற்குள் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். மெல்லிய கம்பியைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், சாண் சாணாக மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். நான் அவசரப்பட்டு நேராகக் குத்தினால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"குத்தக் கூடாது தம்பி. சாய்ச்சு விடு. ஏதாச்சும் தட்டுச்சுன்னா அப்படியே நிறுத்திடணும்."

நண்டு வளைக்கு எதற்கு இவ்வளவு பதம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் உலகப் போருக்கு ஆள் போன தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் வெள்ளைக்காரர்கள் பதித்த கல் இன்றும் இருக்கிறது. போனவர்கள் இத்தனை பேர், உயிரை விட்டவர்கள் இத்தனை பேர் என்று கணக்கு மட்டும் இருக்கும். 1962, 1965, 1971 என்று போய்வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அந்தக் கல்கூட இல்லை. இங்கே கனடாவில் சின்ன ஊர்த் தூணிலும் இறந்தவர்களைப் பெயர் பெயராகச் செதுக்கியிருக்கிறார்கள். பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது. ஆனால் திரும்பி வந்து ஏர் பிடித்தவர்களுக்குக் கல் வேண்டாம்; உட்காரவைத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

அப்பாவோடு பசந்தரில் இருந்த பெரியப்பா ஒருவர் பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார். வாழ்நாள் சான்று கொடுத்துவிட்டு வந்த அன்று போனில் பிடித்தால் மனம்விட்டுப் பேசுவார். மேலே அந்த இரவைப் பற்றி எழுதியது அவர் சொல்லித் தெரிந்ததுதான். அவர் பேசுவதைப் பதிவு செய்து எழுதி வருகிறேன். போன வாரம் இன்னும் இரண்டு பேரைச் சொன்னார். ஒருவர் மன்னார்குடி, மற்றவர் பேராவூரணி. இருவருமே இப்போது இல்லையாம். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.