தகரப் பெட்டிகளில் ஒரு காலம்

பழம்பொருள் சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். நாணயமும் அஞ்சல் தலையும் சேர்ப்போரைக் கண்டால் புன்னகைத்துக் கடந்து விடுகிறோம். ஆனால் ஒரு காலத்தின் சிரிப்பையும் குரலையும் பேணுவது எத்துணை அரிய பணி என்பதை, எங்கள் இல்லத்து அலமாரியில் இருக்கும் சில தகரப் பெட்டிகள் எனக்குக் கற்பித்தன.

'வால்ட் டிஸ்னி டிரெஷர்ஸ்' என்பது அந்த டிவிடி வரிசையின் பெயர். 2001 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியது. டிஸ்னி நிறுவனத்தின் பழைய கருப்பு வெள்ளைக் கார்ட்டூன்களும், 1950களின் தொலைக்காட்சித் தொடர்களும் அதில் இடம்பெற்றன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே தயாரித்து, வரிசை எண்ணுடன் தகரப் பெட்டியில் விற்றார்கள்.

அங்கே பணிபுரிந்த என் தம்பி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள் அனுப்பி வைப்பார். முதல் பெட்டி வந்தபோது எங்கள் டிவிடி பிளேயர் அதை ஏற்கவில்லை. அமெரிக்கத் தட்டுகள் முதல் மண்டலத்துக்கு உரியவை. இந்தியாவோ ஐந்தாம் மண்டலம். எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் வேறொரு பிளேயரை வாங்கிய பிறகே படம் ஓடியது. உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனினும் டொனால்ட் வாத்து கோபத்தில் கத்தும்போதெல்லாம் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்த வாத்தின் பேச்சு ஆங்கிலேயருக்கே முழுதாக விளங்காது என்று நான் சொன்னதும், "அப்படியானால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?" என்றார்கள்.

இவ்வரிசையில் நான் பெரிதும் மதிப்பது அதன் நேர்மையை. அக்காலக் கார்ட்டூன்கள் சிலவற்றில் கறுப்பின மக்களும் பிற நாட்டாரும் இழிவாகச் சித்திரிக்கப்பட்டிருந்தனர். அவற்றை வெட்டி மறைக்கவில்லை, வாளா காட்டவுமில்லை. திரைப்பட வரலாற்றாசிரியர் லியோனார்ட் மால்டின் முன்னே தோன்றி, அவை எந்தச் சூழலில் பிறந்தன, ஏன் தவறு என்று விளக்கிய பின்னரே படம் தொடங்கும். பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பேசுவதற்கு அந்த முன்னுரை எனக்குப் பெருந்துணையாயிற்று.

2009 நவம்பரில் 'ஸோரோ' தொடரின் தொகுப்புகளோடு வரிசை நின்றது. ஆனால் தேடல் நிற்கவில்லை. மிக்கி எலிக்கு முன்னரே, 1927-28இல், டிஸ்னி உருவாக்கிய ஆஸ்வால்ட் என்னும் முயலின் படங்கள் 26. 2007இல் வெளிவந்த தொகுப்பில் 13 மட்டுமே இருந்தன. ஏனையவை அன்று கிடைக்கவில்லை. பின்னர் 2014இல் நார்வே தேசிய நூலகத்திலும், 2018இல் ஜப்பானிலும் காணாமற்போனவற்றுள் சில வெளிப்பட்டன. மீண்டு வந்த அந்தப் படங்களுக்கு இடமளிக்க, தகரப் பெட்டி வரிசைதான் இல்லை!

"எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கிறதே" என்பான் என் பேரன். இருக்கலாம். ஆனால் சந்தாக் கட்டிப் பார்ப்பது இரவல். கையிலிருக்கும் தட்டு உடைமை. 2023 மே மாதத்தில் டிஸ்னி நிறுவனமே தன் சொந்தத் தயாரிப்புகள் பலவற்றைத் தன் இணையத் திரையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், 1998 முதல் அஞ்சலில் தட்டுகளை அனுப்பி வந்த நெட்ஃபிளிக்ஸ் அச்சேவையை முடித்துக்கொண்டது.

உடைமையும் நிலையானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். தட்டினுள் இருக்கும் மெல்லிய அலுமினியப் படலத்தைக் காற்றும் ஈரமும் தொட்டால் அது கெடும். படம் இடையில் உறையும். தட்டு நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி வேண்டுமே! புதிய மடிக்கணினிகளில் தட்டு செருகும் இடமே பெரும்பாலும் இல்லை.

அன்புச் சகோதர சகோதரிகளே! பெரும் பொருள் படைத்த ஒரு நிறுவனத்தின் படங்களுக்கே இந்நிலை என்றால், நம் வீட்டுப் பெட்டியில் உறங்கும் நிக்காஹ் வீடியோ கேசட்டின் கதி என்ன? மறைந்த வாப்பாவின் குரல் பதிந்த ஒலிநாடாவை நார்வே நூலகமா காத்துத் தரும்? அவற்றை இன்றே கணினிக்கு மாற்றி, இரண்டு பிரதிகளாக இரண்டு வீடுகளில் வையுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் யார் என்று ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். மால்டினின் முன்னுரையைப் போல, அந்தத் தாள்தான் நாளைய பிள்ளைகளுக்கு வழிகாட்டும். விளக்குவதற்கு ஆளில்லாத படம், இருந்தும் பாதி தொலைந்ததே.