நெடுவழிப் பயணமும் இழந்த கால்களும்

நெடுவழி நடந்து நேர்த்தி தீர்ப்பது எம்மவர்க்குப் புதியதன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தை எம் தாய்மார் இன்றும் வணங்கி வழியனுப்புகின்றனர். தன் உடலை வருத்தித் தனக்கோ தன் பிள்ளைக்கோ நலம் வேண்டுவது அந்நடையின் கருத்து. ஆனால், முன்பின் அறியாத பிறரின் துன்பத்திற்காக ஒருவர் நெடுவழி செல்வதும், அவர் கடக்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இத்தனை ரூபா என மற்றவர் பொருள் உதவுவதும் அண்மைக்கால வழக்கமாகும். 2011 ஆம் ஆண்டில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றரை ஒரு குழுவினர் நடந்தே கடந்தனர். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டுவதே அவர்களது நோக்கம். இலங்கை மக்கள் இவ்வழக்கத்தின் பயனைக் கண்ணாரக் கண்டது அப்போதுதான் எனலாம்.

போரில் ஊனமுற்றோருக்காகவும் மீளாதோருக்காகவும் இத்தகைய பயணங்கள் மேலைநாடுகளிலே பெருகியுள்ளன. வியட்நாம் போரிற் சிறைப்பட்டோரும் காணாமற் போனோரும் மறக்கப்படலாகாது என்பதற்காக, 1988 ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பெருந்திரளாக வாஷிங்டன் நகரிலே கூடினர். மறு ஆண்டு, முன்னாட் போர்வீரர் சிலர் கலிபோர்னியாவிலிருந்து அந்நகரின் வியட்நாம் நினைவுச் சுவர் வரை நாட்டின் குறுக்கே மோட்டார் சைக்கிளிற் சென்றனர். அப்பயணம் ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாயிற்று. 2004 ஆம் ஆண்டில் கிறிஸ் கார்னி என்பவர், காயமுற்ற போர்வீரருக்காக அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரை வரை சைக்கிளிற் சென்றார். பின்னர் காயமுற்றவர்களே அத்தகைய பயணங்களில் ஓட்டுநராயினர். உதவி பெறுவோர் ஓரத்தில் நின்று பார்ப்பவராக இராமல், தாமும் வழியில் இறங்கிய அம்மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவற்றையெல்லாம் வாசித்த நாங்கள் ஐவர், பேராதனையிலிருந்து என் ஊராகிய முரசுமோட்டை வரை, ஏறத்தாழ 275 கிலோமீற்றர் தூரம் மோட்டார் சைக்கிளிற் செல்வதெனவும், சேரும் பணத்தைச் செயற்கைக் கால்களுக்கு அளிப்பதெனவும் முடிவு செய்தோம். பணம் சேர்ப்பதற்கு ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டியிருந்தது. அதன் தலைப்பிலேயே தகராறு தொடங்கிற்று. யாருக்காக இந்தப் பயணம்? 'முன்னாட் படைவீரர்' என்று எழுதினால் அது இராணுவத்தினரை மட்டுமே குறிக்கும். 'முன்னாட் போராளிகள்' என்று எழுதினால் அச்சொல்லைக் கண்டவுடனேயே தாளை மடித்துத் திருப்பித் தருவோர் உளர். போரில் ஈடுபடாமலே கண்ணிவெடியிற் காலிழந்த விறகுவெட்டியையும் வயலுக்குச் சென்ற பெண்ணையும் எச்சொல்லால் அழைப்பது? இரண்டு இரவுகள் வாதிட்டபின், 'போரிற் காலிழந்தோருக்கு' என மும்மொழியிலும் எழுதினோம். அத்தலைப்புக்காகவே பணம் தந்தோரும் உண்டு, தர மறுத்தோரும் உண்டு.

இவ்வாதத்தின் பின்னே ஒரு மெய்ந்நிலை உண்டு. காயமுற்ற இராணுவத்தினருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர்தம் நலனுக்கென 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபின், ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் அரசின் புனர்வாழ்வு நிலையங்களில் இருந்து விடுவிக்கப்பட்டனர். இவர்களில் அங்கமிழந்தோருக்கு அத்தகைய ஓய்வூதியம் இல்லை. என் சித்தப்பாவும் அவர்களுள் ஒருவர். 2008 இல் மிதிவெடியில் வலக்காலை இழந்தவர்.

எங்கள் ஐவருள் ஒருவர் சிங்கள நண்பர். அவருடைய தந்தையார் இராணுவத்திற் பணியாற்றி இடக்காலை இழந்தவர். கண்டி, மாத்தளை, தம்புள்ளை கடந்து மிகிந்தலையை அணுகியபோது, அருகிலிருந்த அவர்கள் வீட்டிலே தேநீருக்குத் தங்கினோம். என் சித்தப்பாவைப் பற்றி மகன் எடுத்துரைத்தபோது அவர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. எந்தப் படையணி, எந்தக் களம் என்று கேட்பாரோ என என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கேட்டது வேறு: "முழங்காலுக்குக் கீழேயா, மேலேயா?" மேலே என்றேன். "அப்படியானால் கடினம். கீழே என்றால் முழங்கால் நம்முடையது. மேலே என்றால் அதையும் செய்து பூட்டவேண்டும்" என்றார். மகனின் மொழிபெயர்ப்பிலே இதைக் கேட்ட எனக்குப் பேச்சு எழவில்லை.

மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, மாங்குளம் என வழி நீண்டது. 2006 ஆகஸ்ட் முதல் போர் முடியும்வரை பொதுமக்களுக்கு மூடியிருந்த அவ்வீதியிலே எவரும் எம்மை மறிக்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றபோது, பின்சில்லின் இருபுறமும் துணைச்சில்லுகள் பூட்டிய மோட்டார் சைக்கிளிலே சித்தப்பா வந்து சேர்ந்தார். "என்ர பேரிலைதானே காசு சேர்த்தனீங்கள்? மிச்சத் தூரத்துக்கு நானும் ஓடுறன்" என்றார். கிளிநொச்சியையும் கடந்து பரந்தன் சந்தியிலே கிழக்கே திரும்பும்வரை அவரே முன்னே சென்றார். நாங்கள் அவரது வேகத்திற்கு எமது வேகத்தைக் குறைத்துக்கொண்டோம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் அவ்வீதி எனக்கு வெறும் வீதியன்று. 2009 ஜனவரியில், ஆறு வயதுச் சிறுவனாக, உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூடைகளின்மேல் இருந்து அவ்வழியேதான் கிழக்கு நோக்கிப் போனேன். அந்நெரிசலிலே எத்தனை பேர் கைத்தடியோடு நடந்தனர் என்பதை எண்ணிப்பார்க்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

வீட்டு முற்றத்திலே சித்தப்பாவிடம், மிகிந்தலைத் தந்தையாரைப் பற்றிச் சொன்னேன். அவரும் முதலிற் கேட்டார்: "முழங்காலுக்குக் கீழையோ, மேலையோ?" கீழே என்றேன். "குடுத்துவைச்ச மனிசன்" என்றார். அக்குரலிலே பகையும் இல்லை, பரிகாசமும் இல்லை.

சித்தப்பா அணிவது ஜெய்ப்பூர்க் கால். 1968 ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் நகரிலே கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய இறப்பர்ப் பாதம் அது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதத்திற்குச் சப்பாத்து வேண்டும். இதற்கு வேண்டியதில்லை. வெறும் பாதமாகவே நடக்கலாம், வயற்சேற்றில் இறங்கலாம். முழங்கால் எஞ்சியிருப்போர் குந்தியிருக்கலாம், சப்பாணி கட்டி இருக்கலாம். யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இத்தகைய கால்களைச் செய்து வழங்கி வருகிறது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களை நம்பி வாழும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாதம் வேறில்லை. ஆயினும் சேறும் வெயிலும் அதனைத் தின்கின்றன. துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதியும் காலப்போக்கில் மெலிகிறது. முன்பு அளவாயிருந்த குழிப்பகுதி பின்பு உராய்ந்து புண்ணாக்குகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலைப் புதுப்பித்தே ஆகவேண்டும். முப்பது வயதிற் காலிழந்தவர் எழுபது வயதுவரை வாழ்வாராயின், அவருக்கு எத்தனை கால்கள் வேண்டும்?

அன்றிரவு சாப்பாட்டின்போது சித்தப்பா எம்மைக் கேட்ட கேள்வியும் இதுவே: "இந்தமுறை வந்திட்டியள், சந்தோசம். இது தேயேக்கையும் வருவியளோ?" எம்மில் எவரும் உடனே விடை கூறவில்லை.

தூரத்தைக் கடப்பதே வீரம் என்று எண்ணுவோர்க்கு அக்கேள்வியில் விடை உண்டு. 275 கிலோமீற்றரை ஒரு பகலிற் கடப்பதற்கு இளமையும் எரிபொருளும் போதும். ஒருமுறை செய்த அறம் செய்தவன் மனத்தை நிறைக்கும். தேயும் காலையோ அது ஒருமுறைதான் மாற்றும். வாஷிங்டன் நோக்கிய பயணத்திற் பின்பற்றத்தக்கது அதன் நீளமன்று. பட்டதாரிகளாகி நாங்கள் வெளியேறிய பின்னும் நிலைக்கவேண்டியது அந்த ஆண்டுதோறும் என்பதே. ஆதலால் திரும்பி வந்ததும் ஒரு கணக்குப் புத்தகம் தொடங்கினோம். கால் பெற்றவர் பெயர், பெற்ற திகதி, முழங்காலுக்கு மேலோ கீழோ, அடுத்து மாற்றவேண்டிய ஆண்டு எனும் நான்கு நிரல்கள் அதில் உண்டு. எந்தப் பக்கத்திலே நின்று போரிட்டார் என்பதற்கு நிரல் இல்லை. இப்புத்தகம் இப்போது முதலாம் ஆண்டு மாணவர் இருவரின் கையில் இருக்கிறது. இதனை வாசிக்கும் நண்பர்களுள் மோட்டார் சைக்கிள் உள்ளோர் அவர்களைத் தேடிச் செல்வார்களாக.