அத்தையின் நிறம்

நம் வீடுகளில் ஒரு போட்டோவை நாலு பேரிடம் காட்டினால் என்ன அபிப்பிராயம் கிடைக்கும்? முதல் ஆள், "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். இரண்டாவது ஆள், "என்ன, இவ இப்படி இளைச்சுட்டா?" என்று கவலைப்படுவார். மூன்றாவது ஆள் பின்னால் தெரியும் பீரோவைப் பார்த்து, "இது எப்ப வாங்கினீங்க?" என்பார். நாலாவது ஆள் இருக்கிறாரே, அவரை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். "எல்லாம் சரி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பா போட்டிருக்கலாமே!"

இந்த நாலாவது அபிப்பிராயத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவள். செல்போன் கையில் இருக்க, பழைய பென்டாக்ஸ் கே 1000 காமிராவில் பிலிம் போட்டு எடுக்கிறேன். "இந்தக் காலத்திலா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு சுருளில் 36 படம்தான். அதனால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுக்கத் தோன்றுகிறது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

பிலிமைக் கழுவுவதற்கு எங்கள் தஞ்சாவூரிலிருந்து கூரியரில் வெளியூர் லேபுக்கு அனுப்புகிறேன். அவர்கள் கழுவி, ஸ்கேன் எடுத்து, படங்களைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிவிடுவார்கள். நெகடிவ் பின்னாலேயே தபாலில் வரும். முன்பு கையில் ப்ரிண்ட் வந்தது போல இப்போது திரையில் ஸ்கேன் வருகிறது.

கலர் நெகடிவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழுக்க ஆரஞ்சு கலந்த பழுப்பாக இருக்கும். வெளிச்சம் இருட்டாகவும், இருட்டு வெளிச்சமாகவும் தெரியும். பச்சைப் புடவை அதில் வேறு நிறம். ஸ்கேனர் அந்த ஆரஞ்சை நீக்கி, எல்லாவற்றையும் தலைகீழாக்கி நமக்குப் படமாகத் தருகிறது. அப்படித் தரும்போது எந்த நிறம் எவ்வளவு, எது வெளுப்பு, எது கறுப்பு என்று யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். லேபில் இருப்பவர் தீர்மானிக்கலாம். அவருக்கு நேரம் இல்லாவிட்டால் இயந்திரமே தீர்மானித்துவிடும். நம் கைக்கு வருவது அந்தத் தீர்மானம்தான். இது தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

போன தை மாதம் என் அத்தையைப் படம் எடுத்தேன். அப்பாவின் அக்கா. வயது 78. கொல்லைப்புறத்தில் வெள்ளையடித்த சுவர் ஓரமாக, அரக்கு நிறச் சுங்குடிப் புடவையில் உட்கார்ந்து, காய்ந்த வடாமைத் துணியிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். அத்தை நல்ல கறுப்பு. வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் காமிராவின் மீட்டர் சுவரைப் பார்த்து, 'வெளிச்சம் அதிகம்' என்று கணக்குப் போட்டுவிடும். முகம் இருண்டுவிடும். அதனால் பக்கத்தில் போய் முகத்தை மட்டும் மீட்டரில் பார்த்து, அந்தக் கணக்கிலேயே எடுத்தேன். கலர் நெகடிவ் பிலிம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும். குறைவைத்தான் தாங்காது.

லேபிலிருந்து படம் வந்தது. சுவர் ஒரே வெள்ளைக் காகிதம். புடவை செங்கல் நிறம். அத்தையின் முகம் பவுடர் பூசின மாதிரி, மாநிறத்துக்கும் ஒரு படி மேலே!

சித்தப்பா மகளுக்கு அனுப்பினேன். ஒரே நிமிஷத்தில் போன். "அக்கா, அத்தை எவ்வளவு பளிச்னு இருக்காங்க! இதையே பிரேம் போட்டுடலாம்."

கீழவீதிப் பக்கம் நாற்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் எடுக்கும் படங்களை அவரிடம் காட்டுவது வழக்கம். அவர் திரையைப் பார்க்கவில்லை. "நெகடிவ் எங்கேம்மா?" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சுவர்ல காரை பேர்ந்தது வரைக்கும் இதுல இருக்கு. முகத்துல சுருக்கம் ஒண்ணு விடாம இருக்கு. ஸ்கேன்லதான் எல்லாம் காணாமப் போயிருக்கு" என்றார்.

மூன்றாவதாக அத்தையிடமே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும்மா இது?" என்றார். கேலி பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பெண் பார்க்கறப்போ எடுத்த போட்டோ மாதிரியே இருக்கு."

அந்தக் கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்றைக்கு முழுசாகக் கேட்டேன். 1967-ல் தாத்தா அத்தையை ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய் போட்டோ எடுத்தாராம். கறுப்பு வெள்ளைப் படம். வந்தபோது முகம் நிலா மாதிரி இருந்ததாம். அந்தப் போட்டோவை நம்பி இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார்களாம். இரண்டு தடவையும். மூன்றாவதாக வந்த மாமா போட்டோவே கேட்கவில்லை. நேரே வந்தார், பார்த்தார், சரியென்றார். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தினார்.

"அப்புறம் நான் போட்டோவுக்கே சரியா நின்னதில்லே. யாராவது கூப்பிட்டா ஓரமா நிப்பேன். என் நிறத்துல ஒரு போட்டோகூட என்கிட்டே இல்லே பாரு" என்று சிரித்தார் அத்தை.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பென்சில் வேலைம்மா அது" என்றார். அந்தக் காலத்தில் நெகடிவில் முகம் இருக்கும் இடத்தில் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். 'டச்சிங்' என்று பெயர். நெகடிவில் பென்சில் படிந்த இடத்தில் வெளிச்சம் குறைவாகக் கடக்கும். ப்ரிண்டில் அந்த இடம் வெளுப்பாக விழும். பருத் தழும்பை மறைக்க வந்த வித்தை, நிறத்தையே மாற்றப் பயன்பட்டது. "கல்யாணப் போட்டோன்னா, பெண்ணோட அப்பா வாசல்லயே சொல்லிடுவார். நாங்களும் செஞ்சோம்" என்றார்.

இது நம் ஊர் ஸ்டூடியோக்களோடு நிற்கும் சமாசாரமும் இல்லை. 1950களில் அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் கலர் ப்ரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றே அழைத்தார்கள். அந்தப் பெண்ணின் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம்! மற்ற நிறத்தவர் முகம் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. கனடாவைச் சேர்ந்த லோர்னா ரோத் என்ற பேராசிரியை இதை ஆராய்ந்து 2009-ல் எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று முதலில் அழுத்தமாகப் புகார் செய்தவர்கள் யார் தெரியுமா? சாக்லெட் விற்பவர்களும் மரச் சாமான் விற்பவர்களும்தானாம். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. இன்றைக்குப் பல செல்போன்கள் நாம் கேட்காமலேயே முகத்தை மழமழப்பாக்கி வெளுக்க வைக்கின்றன. பென்சில் போய் வேறொன்று வந்திருக்கிறது.

அத்தையின் நெகடிவை நானே ஸ்கேன் எடுப்பது என்று முடிவு செய்தேன். மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் வீட்டில் இருக்கிறது. செய்த முறையைச் சொல்கிறேன். பழைய நெகடிவ் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். தூசிதான் முதல் எதிரி. நெகடிவை ஓரத்தில் மட்டும் பிடித்து, ரப்பர் பம்பால் காற்றடித்துத் தூசியைப் போக்குங்கள். முந்தானையால் துடைப்பது, வாயால் ஊதுவது இரண்டும் கூடாது. சில ஸ்கேனர்களில் அகச்சிவப்புக் கதிர் மூலம் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி உண்டு. கலர் நெகடிவுக்கு அது நன்றாக வேலை செய்யும். பழைய கறுப்பு வெள்ளை நெகடிவில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது; அது அந்தக் கதிரையும் மறித்துவிடும். அதற்கு அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

அளவு 2400 டி.பி.ஐ. வைத்தேன். 35 மி.மீ. நெகடிவ் ஒன்று 36-க்கு 24 மில்லிமீட்டர். அதில் 3400-க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். பதினோரு அங்குல நீளத்துக்குத் தெளிவாக ப்ரிண்ட் போட இது போதும்.

அடுத்து, 'ஆட்டோ' என்று எழுதியிருப்பதையெல்லாம் அணைத்தேன். திரையில் மலை மாதிரி ஒரு வரைபடம் காட்டும். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். மலையின் இரண்டு அடிவாரமும் வெட்டுப்படாமல் உள்ளே இருக்கும்படி எல்லையை வைத்தால், இருட்டிலும் வெளிச்சத்திலும் ஒன்றும் தொலையாது. இப்படி எடுத்த ஸ்கேன் பார்க்கச் சோகையாக, பழைய துணி மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். டிஃப் வகைக் கோப்பாக, நிறத்துக்கு 16 பிட் வைத்துச் சேமித்துக்கொண்டால் பிறகு நிதானமாகத் திருத்தலாம். கூர்மையாக்கும் வேலையை எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

நிறத்துக்கு என்ன செய்தேன் தெரியுமா? அத்தையையே கூப்பிட்டேன். அதே அரக்குப் புடவையை எடுத்துவரச் சொன்னேன். பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்தேன். புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, செங்கல் நிறம் அரக்காகும் வரை சிவப்பையும் மஞ்சளையும் சரி செய்தேன். பிறகு, "கையை இங்கே வைங்க அத்தை" என்றேன். படத்தில் இருக்கும் கையும் பக்கத்தில் இருக்கும் கையும் ஒன்றாகும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். "இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்று அத்தைதான் சொல்லிக்கொண்டிருந்தார்! கடைசியில் கன்னத்து மேட்டில் விழுந்த வெயில் பளபளத்தது. சுவரில் காரை பேர்ந்த இடம் தெரிந்தது.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. பெரியவர், "அதை வெட்டிடும்மா, கண்ணு அங்கே போகுது" என்றார். கலை விதிப்படி அவர் சொன்னது சரி. அத்தை விடவில்லை. "அதுல எங்க அம்மா பேர் வெட்டியிருக்கு. சீர் கொடுத்த குடம்." பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகள் படிக்கும்படியாகவே இருந்தன. குடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

இதிலிருந்து அபிப்பிராயம் கேட்பதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் வழிமுறை இதுதான். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "முதல்ல எதைப் பார்த்தீங்க?", "எது உறுத்துது?" என்று கேளுங்கள். ஒரே படத்தை இரண்டு விதமாகப் போட்டு, எது புதுசு என்று சொல்லாமல் காட்டுங்கள். செல்போனில் காட்டாமல் அஞ்சலட்டை அளவு ப்ரிண்டாகக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நிறம் காட்டும். தொழில் தெரிந்தவர் ஒருவர், படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர் ஒருவர், இரண்டும் தெரியாதவர் ஒருவர் என்று மூன்று பேர் போதும். தொழில் தெரிந்தவரிடம் நெகடிவையும் கொண்டுபோங்கள். குறை பிலிமிலா ஸ்கேனிலா என்று அவர் சொல்லிவிடுவார். முடிந்தால் படத்தில் இருப்பவரையும் கேளுங்கள். அவரைக் கேட்க நமக்கு ஏனோ தோன்றுவதே இல்லை.

புதுப் படத்தைச் சித்தப்பா மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "எனக்கு அந்த பளிச் படமே போதும்கா" என்றாள். அது அவள் இஷ்டம். அவள் மகளுக்கு இந்த வருஷம் வரன் பார்க்கிறார்கள். பெண்ணும் அத்தை நிறம்தான். "போட்டோ நீங்களே எடுங்க பெரியம்மா, அந்தக் குடம் போட்டோ மாதிரி" என்று அந்தப் பெண் தனியாகப் போன் பண்ணிச் சொன்னாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில், பிஸ்கட் டப்பாவில் பழைய நெகடிவ் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பி.வி.சி. உறையில் இருந்தால் எடுத்து, பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றி, ஈரமும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் பிலிம் கெட ஆரம்பித்திருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்து, உடனே ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் புள்ளி உள்ள நெகடிவ் அகப்பட்டால், ஸ்டூடியோக்காரர் எந்த இடத்தில் புள்ளி வைத்தார் என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்தப் புள்ளிக்கு அடியில் உங்கள் பாட்டியோ அத்தையோ தம் சொந்த நிறத்தில் இருப்பார்.